முற்றத்தில் நிறுத்திய காரவானுக்கு மின் இணைப்பு

உண்ணவும் உறங்கவும் வசதி செய்யப்பட்ட மோட்டார் வண்டியைக் காரவான் என்பர். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் காரவான் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022-இல் வாகமண்ணில் முதல் காரவான் பூங்கா திறக்கப்பட்டது. பூங்காக்களில் மின் வசதி ஏற்பாடாகி இருக்கும். பயணம் இல்லாத நாட்களிலோ வண்டி உரிமையாளரின் வீட்டு முற்றத்திலேயே நிற்கும். அப்பொழுதும் அதன் பாட்டரிக்கு மின்னூட்டம் வேண்டும்; குளிர்பெட்டி இயங்க வேண்டும். வெள்ளறடை போன்ற மலையடிவார எல்லைக் கிராமத்தில் இவ்விணைப்பை எவ்வாறு அமைப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மின் தேவையைக் கணக்கிடுதல்

எல்லைக்கு இப்பால் கேரள மின்வாரியமும் அப்பால் தமிழ்நாட்டின் மின் பகிர்மானக் கழகமும் வீடுகளுக்கு 230 வோல்ட், 50 சுழற்சி மின்சாரத்தையே வழங்குகின்றன. ஆகவே ஓரிடத்தில் இயங்கும் கருவி மற்ற இடத்திலும் இயங்கும். அமெரிக்காவில் செய்யப்பட்ட வண்டிகளோ பெரும்பாலும் 120 வோல்ட், 60 சுழற்சிக்கு உரியவை. அவற்றை இங்கு நேராக இணைத்தல் கூடாது.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ ஆம்பியர் கிடைக்கும். 1,500 வாட் குளிர்சாதனக் கருவி 6.5 ஆம்பியரும், 2,000 வாட் வெந்நீர்க் கருவி 8.7 ஆம்பியரும் கொள்ளும். இரண்டும் சேர்ந்து 15.2 ஆம்பியர். 16 ஆம்பியர் இணைப்பில் இவற்றுடன் மின் அடுப்பையும் இயக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

ரப்பர்ச் சக்கரமும் உயிர் அபாயமும்

காரவானின் உடல் உலோகத்தாலானது. நிற்பதோ ரப்பர்ச் சக்கரங்களின் மேல். ரப்பர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. வண்டிக்குள் ஒரு கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், வண்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். மழை நனைத்த மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவர் கதவைத் தொட்டால், மின்னோட்டம் அவர் உடல் வழியே மண்ணுக்கு இறங்கும். நனைந்த உடலின் தடையை 1,000 ஓம் எனக் கொண்டால், பாயும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர். உயிரைப் போக்க இது போதும். ஆனால் 16 ஆம்பியர் ஃபியூசுக்கு இது ஒரு பொருட்டன்று, அது உருகாது. ஃபியூஸ் கம்பியைக் காக்குமேயன்றி, அதனை மட்டும் நம்பி நிற்கும் மனிதனைக் காவாது.

ஆகவே ஜன்னல் வழியே இரட்டைக் கம்பியை நீட்டி விளக்கு எரிவதைக் கண்டு மனநிறைவு கொள்ளுதல் பெரும் தவறு. மூன்றாவது கம்பியான எர்த்து இல்லாவிடினும் விளக்கு எரியும். அபாயம் வெளித் தெரியாது.

எர்த்தும் கசிவுத் தடுப்பு ஸ்விட்சும்

வண்டியின் உலோக உடல், மூன்று இழைக் கேபிளின் பச்சைக் கம்பி வழியே வீட்டு எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும். எர்த்துக் குழாய் 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் குறையாதிருத்தல் நலம். வெட்டுக்கல் நிலம் கோடையில் வறண்டு இறுகும். எர்த்தின் தடையும் உயரும். எனவே தடையைக் கோடையில் அளந்து பார்த்தல் வேண்டும். அத்தடை 10 ஓம் என்றாலும், பழுதின்போது பாய்வது 23 ஆம்பியரே. 16 ஆம்பியர் ஃபியூஸ் உடனே அறுபடும் என்பதற்கு உறுதியில்லை.

இக்குறையை நீக்குவது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் தடுப்பு ஸ்விட்சு. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால், ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். எனினும் இது எர்த்துக்கு மாற்று அன்று, இரண்டும் வேண்டும்.

கேபிளும் இணைக்கும் முறையும்

25 மீட்டர் தூரத்திற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஏற்றது. 16 ஆம்பியர் பாயும்போது அதில் சுமார் 6 வோல்ட்டே குறையும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இழப்பு 10 வோல்ட்டை நெருங்கும், கம்பியும் சூடேறும். சுருளாக வைத்த கேபிளில் வெப்பம் வெளியேறாமல் உறை உருகக்கூடும். முழுதும் விரித்தே பயன்படுத்த வேண்டும். வெளிச்சுவரில் மழை புகாத மூடியுள்ள 16 ஆம்பியர் தொழிற்சாலை வகை சாக்கெட்டைப் பொருத்துதல் நன்று. இவ்வேலையை உரிமம் பெற்ற வயர்மேனே செய்ய வேண்டும்.

இணைக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைத்து, முதலில் வண்டியிலும் பின்னர்ச் சுவரிலும் செருகி, இறுதியில் ஸ்விட்சைப் போடுக. கழற்றும்போது ஸ்விட்சை அணைத்து, முதலில் சுவரிலும் பின்னர் வண்டியிலும் கழற்றுக.

ஒருபோதும் செய்யலாகாதது

மரம் விழுந்து மின்சாரம் நின்ற இரவில், காரவானின் இன்வெர்ட்டரைக் கொண்டு வீட்டிற்கு ஒளி தர எண்ணம் எழலாம். இருமுனையிலும் பிளக்கு உள்ள கம்பியால் அவ்வாறு இணைத்தால், மின்சாரம் மீட்டரைக் கடந்து வெளிக்கம்பிக்குப் பாயும். டிரான்ஸ்ஃபார்மர் அதனை 11,000 வோல்ட்டாக உயர்த்தவும் கூடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளி உயிரிழக்க நேரும்.

வகுப்பறைச் சோதனை

ஒரு தகர டப்பாவை மரக்கட்டை மேல் வைக்கவும். டப்பா வண்டி, கட்டை சக்கரம். மூன்று டார்ச்சுப் பாட்டரிகளைத் தொடராக இணைத்து, ஒரு முனையிலிருந்து மெல்லிய இரும்புப் பஞ்சு இழை வழியாகக் கம்பியை டப்பாவில் தொடச் செய்க. டப்பாவுக்கும் மறுமுனைக்கும் இடையே சிறு பல்பை இணைத்தால் அது எரியும். பல்பே வண்டியைத் தொட்ட மனிதன். இப்பொழுது டப்பாவையும் மறுமுனையையும் தடித்த கம்பியால் இணைத்தால், பல்பு அணையும். இழை சிவந்து அறுபடும். தடித்த கம்பியே எர்த்து. இழையை ஓட்டின் மேல் வைத்துச் செய்க. வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இச்சோதனையை எக்காரணத்தாலும் செய்தல் கூடாது.

வினாக்கள்

1. எர்த்து இல்லாத காரவானில் விளக்கு எரிவது ஏன் பாதுகாப்பிற்குச் சான்றாகாது?
2. 1,150 வாட் மின் அடுப்பு எத்தனை ஆம்பியர் கொள்ளும்?
3. கழற்றும்போது முதலில் சுவரில் கழற்றுவது ஏன்?