கோட்டையும் பாடும்

கேள்வி: டச்சுக்காரர்கள் காலத்து நிலப்படங்களைப் பார்த்தால் ஓவியம் போலவே இருக்கின்றன. பழவேற்காட்டில் அப்படி ஏதாவது மிச்சம் உண்டா?

பதில்: 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் நிலப்படம் என்பது கப்பல், கொடி, அலை என்று அலங்கரித்துச் சுவரில் மாட்டும் சரக்கு. டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியங்களிலேயே பின்சுவரில் நிலப்படம் தொங்கும். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பால்டேயஸ் 1672-இல் வெளியிட்ட நூலிலும் நம் கரையோர ஊர்கள் இப்படித்தான் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக வருகின்றன. அழகு அதிகம், அளவு சரியா என்று கேட்கக்கூடாது!

பழவேற்காட்டில் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடு. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் வரவேற்கும். உள்ளே ஒரு கல்லறைப் பலகையில் அந்தக் கோட்டையையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் வரைபடம் வேறு வகை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்கள் 'பாடு' என்ற முறையில் நீர்ப்பரப்பைப் பங்கிடுகிறார்கள். இறால் ஓடும் இடம் இன்ன பாடு, இன்று யார் முறை என்பதெல்லாம் பேச்சிலும் நினைவிலும்தான். இதைத் தாளில் வரைவது சுலபமில்லை. முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துவிடும். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். போதாக்குறைக்கு, ஒரே இடம் இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. இடத்தோடு நாளையும் சேர்த்துக் காட்டும் படத்தை எந்த டச்சு ஓவியரும் போட்டதில்லை என்றே நினைக்கிறேன்.