ஒருவரே பதினாறு பேர்

முன்னுரை

தனிநடிப்புப் போட்டிகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஒருவரே தாயாகவும் மகனாகவும் மாறி மாறிப் பேசுவார்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். அக்கலையால் ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும் மேடையேற்ற இயலுமா? இயலும் எனக் காட்டியவர் நிலாஜா சன் என்னும் அமெரிக்க நடிகையார். அவர் எழுதி நடித்த 'நோ சைல்ட்...' 2006இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் அமைப்பையும் அது நமக்குக் கற்பிப்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

கதையும் களமும்

நம் ஊர்களில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் கட்டணப் பள்ளி. அமெரிக்காவிலோ அச்சொல் நம் அரசுப் பள்ளி போன்றதைக் குறிக்கும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட அத்தகைய பள்ளியொன்றே களம். வாயிலில் உலோகச் சோதனைக் கருவி, அருகே காவலர். பத்தாம் வகுப்பினருக்கு நாடகம் பயிற்ற ஓர் ஆசிரியை வருகிறார். சன் அவர்களும் அந்நகரப் பள்ளிகளில் பல்லாண்டு நாடகம் பயிற்றியவரே.

ஆசிரியை தேர்ந்தெடுப்பது டிம்பர்லேக் வெர்ட்டன்பேக்கரின் 'அவர் கன்ட்ரீஸ் குட்' (1988). ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகள் 1789இல் நாடகம் நடித்த வரலாற்றைத் தழுவியது அது. நாள்தோறும் சோதனைக்கு உட்பட்டு வகுப்பறை புகும் மாணவர், மேடையில் கைதிகளாகின்றனர். இதற்கு மேல் விளக்கமும் வேண்டுமோ!

தலைப்பு, 2002 சனவரியில் கையெழுத்தான கல்விச் சட்டத்தின் பெயரைத் தழுவியது. 'எக்குழந்தையும் பின்தங்கலாகாது' என்பது அப்பெயரின் கருத்து. மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்து, முன்னேற்றம் காட்டாத பள்ளிகள்மீது அச்சட்டம் நடவடிக்கை எடுத்தது. 2015இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

நடிப்பு முறை

மாணவர், ஆசிரியர், தலைமையாசிரியை, காவலர், துப்புரவுப் பணியாளர் என 16 பாத்திரங்களையும் சன் ஒருவரே ஏற்றார். கதையைச் சொல்லிச் செல்பவர் முதிய துப்புரவுப் பணியாளர். திருவண்ணாமலை வட்டாரத்தில் பாரதக் கூத்துப் பார்த்தவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. நம் கட்டியங்காரனும் கதையை அறிமுகம் செய்வான், வாயிற்காப்போனாவான், தூதனாவான், அரசனையே கேலி செய்வான். அதிகாரமற்றவனுக்கே அவையில் உண்மை பேசும் உரிமை!

பலகுரல் வேறு, பாத்திரம் வேறு. குரலை மட்டும் மாற்றினால் சிரிப்பு எழும், ஆள் தோன்றமாட்டார். நிற்கும் ஆசிரியையின் பார்வை தாழ்ந்தால், மறுகணம் அமர்ந்திருக்கும் மாணவனின் பார்வை உயர வேண்டும். முதுகும் தோளும் கையும் மாற வேண்டும். இல்லையேல் பதினாறு பேரும் பதினாறு கேலிச் சித்திரங்களாகிவிடுவர். தனிநடிப்பின் பெரும் இடர் இதுவே.

ஏன் ஒருவரே?

செலவு குறையும் என்பர் சிலர். நான் காணும் காரணம் வேறு. பதினாறு நடிகர் இருப்பின், முரட்டு மாணவனை ஒருபுறமும் கண்டிப்பான தலைமையாசிரியையை மறுபுறமும் நிறுத்தி, ஒருவர்மீது குற்றம் சுமத்தி நாம் வீடு திரும்பலாம். இருவரும் ஓருடலில் தோன்றும்போது அது எளிதன்று. ஏசியவரே மறுகணம் ஏச்சைத் தாங்குகிறார். ஆசிரியையின் சோர்வையும் மாணவனின் சினத்தையும் ஒரே முகம் காட்டுகிறது. குற்றவாளியைத் தேடிய கண், அவ்விருவரையும் நெருக்கும் ஏற்பாட்டைக் காணத் தொடங்குகிறது.

முடிவுரை

நம்மிற் பலர் அரசுப் பள்ளிகளில் பயின்று வந்தவர்கள். நாளை ஆசிரியராக அங்கேயே திரும்பப் போகிறவர்களும் உளர். தேர்ச்சி விழுக்காடு வேண்டியதே. ஆயின் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் சிறுவனின் உள்ளத்தை அவ்விழுக்காடு உரைக்காது. அவனாக ஐந்து நிமிடம் நின்று பார்க்க ஆசிரியர்க்குத் தெரிய வேண்டும். அப்பயிற்சியைத் தனிநடிப்பு தரும். ஆகவே அதனைப் பரிசுக்குரிய போட்டியாக மட்டும் கருதாது, ஆசிரியப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ளலாம் என்பது என் துணிபு.

— இளங்கலை மூன்றாமாண்டு மாணவன், வேங்கிக்கால்