உம்ரா விமானத்தில் யாருக்கு எந்த இருக்கை?



நம் வட்டாரத்திலிருந்து உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர்கள் பலருக்கு அதுவே முதல் விமானப் பயணம். சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேரடி விமானத்திலேயே ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். இறங்கியபின் தவாஃப், ஸயீ இருக்கின்றன. ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடப்பது மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர். அமல்களுக்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்பதால், இருக்கையைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

பெரியவர்களுக்கு நடைபாதை ஓரம்: ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் கழிவறைக்குப் போக, பக்கத்தில் இருப்பவர்களை எழுப்ப வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடும் பெரியவர்கள் உண்டு. விமானத்தினுள் காற்று வறண்டது. அசையாமல் உட்கார்ந்தால் கால் வீங்கும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் தெரிவித்தது. அப்போதும் ஆபத்து சிறியதே. தண்ணீர் குடிப்பதும் அவ்வப்போது எழுந்து நடப்பதும் நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இதே இருக்கைதான் ஏற்றது.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு: தடுப்புச் சுவரை ஒட்டிய முன்வரிசையில் தொட்டில் மாட்டும் வசதி இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்.

குலுக்கலுக்குப் பயப்படுபவர்களுக்கு: இறக்கைக்கு நேரான வரிசைகளில் ஆட்டம் குறைவு, வால் பகுதியில் அதிகம்.

தவிர்க்க வேண்டியவை: அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் முதியோர், கர்ப்பிணிகள், சிறுவர்களுக்கு அதைத் தரமாட்டார்கள். கழிவறையை ஒட்டிய கடைசி வரிசையில் கூட்டமும் சத்தமும் இருக்கும். நாலைந்து வரிசை தள்ளி அமர்வதே நலம்.

இஹ்ராம்: ஜித்தா செல்லும் விமானம் தரையிறங்கும் முன்பே மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். குறுகிய கழிவறையில் உடை மாற்றுவது சிரமம். ஆகவே விமான நிலையத்திலேயே இஹ்ராம் உடை அணிந்து, மீக்காத் அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்யலாம். மதீனாவுக்கு முதலில் செல்வோர் பின்னர் துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவர்.

குழுவாக டிக்கெட் எடுக்கும்போது விரும்பிய இருக்கை கிடைக்கும் என்று உறுதி இல்லை. பயண ஏஜென்டிடம் முன்னதாகவே சொல்லுங்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அதையும் சொல்லுங்கள். அன்றாட மருந்துகளைக் கைப்பையில், எட்டும் தூரத்தில் வையுங்கள்.

எல்லாம் சொல்லியும் பெரியவருக்கு நடு இருக்கை அமைந்துவிட்டால், குழுவில் உள்ள இளைஞர்கள் தம் இடத்தைக் கொடுத்து மாறிக்கொள்ள வேண்டும். சபையில் பிறருக்கு இடமளிப்போருக்கு அல்லாஹ் இடமளிப்பான் என்பது அல்முஜாதலா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தரும் படிப்பினை. விமானமும் ஒரு சபைதான்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணத்தையும் இலேசாக்கி, அமல்களை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.