அஸ்திவாரக் குழியில் ஊறும் ஜலமும் இறைப்புக் கண்டிராக்டரை அமர்த்தும் முறையும்

கூட்டுறவுச் சங்கங்கள் கிடங்கு முதலிய கட்டடங்களை எழுப்பும்போது சுவருக்கும் கூரைக்கும் மதிப்புப் போடுகின்றன. குழியில் ஊறும் ஜலத்திற்கு மதிப்புப் போடுவதில்லை. பாதிக் குழி வெட்டியபின் ஊற்றுக்கண் திறந்தால் வேலை நின்றுபோகிறது. கிடைத்தவருக்குக் கேட்ட தொகையைக் கொடுக்க நேர்கிறது. பணநஷ்டம் ஒருபுறமிருக்க, ஈரமண் சரிந்து கூலியாட்களின் உயிருக்கே சேதம் விளையலாம். ஆதலின் பஞ்சாயத்தார் கீழ்க்கண்ட விஷயங்களை முன்னதாகவே ஆலோசிப்பது அவசியம்.

காலம்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படும். வாய்க்காலில் நீரோடும் காலத்திலும் வடகிழக்குப் பருவமழையிலும் காவேரி டெல்டாவில் நிலத்தடி ஜலம் மேலேறி நிற்கும். கோடையில் குழி வெட்டினால் இறைப்புச் செலவு பெரிதும் குறையும்.

மண்

அஸ்திவார ஆழத்திற்குக் கீழும் துளையிட்டு, மண்ணின் தன்மையையும் ஜலமட்டத்தையும் குறித்துக்கொள்க. களிமண்ணாயின் ஜலம் மெல்லக் கசியும். குழியின் மூலையில் சிறு பள்ளம் எடுத்துப் பம்பு வைத்தால் பெரும்பாலும் போதும். மணலாயின், கீழிருந்து பாயும் ஜலம் மணலைக் கொதிக்கும் கஞ்சிபோற் கிளப்பிவிடும். அங்கே குழியைச் சுற்றிச் சல்லடைக் குழாய்களை இறக்கி, வெட்டுமுன்னரே ஜலமட்டத்தைத் தாழ்த்தல் வேண்டும். மேலே வைத்த பம்பு உறிஞ்சும் ஆழத்திற்கு எல்லையுண்டு; ஒரே வரிசைக் குழாய்களால் சுமார் 15 முதல் 18 அடி வரையே தாழ்த்தலாம். அதற்கும் கீழே செல்ல ஆழ்குழாய்க் கிணறுகளும் நீர்மூழ்கிப் பம்புகளும் தேவை. மண்ணைப் பாராமல் தொகை சொல்லும் கண்டிராக்டரை ஏற்கலாகாது.

ஒப்பந்த நிபந்தனைகள்

1. மணிக்கணக்குக் கூலி மட்டும் பேசினால், தாமதிப்பவருக்கே லாபம். ஜலமட்டம் குழியின் அடிக்கு 2 அடி கீழே நிற்கவேண்டுமென்று எழுதி, தினந்தோறும் அளந்து பார்த்துப் பணம் கொடுக்க.

2. மாற்றுப் பம்பும், மின்சாரம் நின்றால் ஓட்ட டீசல் எஞ்சினும், இரவுக் காவலாளும் கண்டிராக்டர் பொறுப்பு.

3. இறைத்த ஜலத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்துப் பார்க்க. நாள்தோறும் அடியில் மணல் படியுமாயின், பூமிக்கடியில் மண் அரிக்கப்படுகிறது. அயல்வீட்டுச் சுவர் இறங்கக்கூடும். உடனே இறைப்பை நிறுத்துவது சரிவுக்கிடமாகலாம்; இன்ஜினீயரை அழைத்து வடிகட்டியைச் சீர்செய்க.

4. வேலை தொடங்குமுன் அயல்வீடுகளின் வெடிப்புகளையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உரியவர் முன்னிலையில் குறித்து, இருதரப்பாரும் கையொப்பமிடுக. பின்னர் வழக்கெழாது, எழுந்தாலும் உண்மை விளங்கும்.

5. ஜலத்தை விடுமிடத்திற்குப் பஞ்சாயத்தின் அனுமதி பெறுக. கடலோரங்களில் உவர்நீரை வயலில் பாய்ச்சலாகாது.

6. இன்ஜினீயரின் எழுத்துமூலமான உத்தரவின்றி இறைப்பை நிறுத்தலாகாது. 10 அடி நீளமும் 10 அடி அகலமுமுள்ள தரையடித் தொட்டியைச் சுற்றி 5 அடி ஜலம் ஏறினால், அது சுமார் 14 டன் பலத்தோடு மேலே தள்ளப்படும். வெறுந்தொட்டி போதிய பாரமின்றியிருந்தால் மிதந்து எழும்பிவிடும்.

குறைந்த தொகை கேட்டவரே சிக்கனமானவர் என்று கருதுதல் பிழை. நள்ளிரவில் பம்பு நின்றால் யார் வருவார், எத்தனை நாழிகையில் வருவார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, விடையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குக. குழியில் இறங்குவோரும் பெரும்பாலும் நம் கிராமத்தாரே. அவர்களுடைய க்ஷேமத்திற்குச் செலவிடும் பணம் வீண்செலவாகாது.