மணிக்கு உருளைக்கிழங்கு தரலாமா?

தங்கச்சி, நீ உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாலே, உன் நாய் மணி அடுப்படி வாசல்ல வந்து வாலால தரையைப் பெருக்குறான்னு சொன்னியே! அவனுக்குத் தாராளமா தரலாம். ஆனா நம்ம தட்டுல இருக்கிறதை இல்ல. அவனுக்குன்னு தனியா வேகவெச்சதை மட்டும்.

* கிழங்கைப் பார்த்து எடு: தோல் பச்சை பூத்தது, முளை விட்டது ரெண்டும் வேண்டாம். அதுல சோலனைன்ங்கிற நஞ்சு கூடியிருக்கும். வேகவெச்சாலும் முழுசா போகாது. வெளிச்சம் பட்டாதான் கிழங்கு பச்சையாகும், அதனால இருட்டான இடத்துல வை. சீவின தோலைக் குப்பையில போட்டு மூடிடு.

* வேகாதது கூடாது: குக்கர்ல நாலு விசில் விட்டு, தோலை உரிச்சு மசி. உப்பு, எண்ணெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம். மேலே ஆறியிருந்தாலும் நடுவுல சுடும். விரலால அழுத்திப் பார்த்துட்டு வை. பெரிய துண்டா போட்டா அப்படியே விழுங்கி, தொண்டையில சிக்கிக்கும்.

* மசாலா, பொரியல், சிப்ஸ் வேண்டவே வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் அந்தக் கெடுதல் போகாது. வெங்காயத்தைப் பொறுக்கிட்டுக் கொடுத்தாலும் சாறு கிழங்குல இறங்கியிருக்கும். சில நாள் கழிச்சுக்கூட ஈறு வெளுக்கலாம், சிறுநீர் செம்பழுப்பா போகலாம்.

* அளவு: 10 கிலோ நாய்க்கு ஒண்ணு ரெண்டு மேஜைக்கரண்டி, வாரம் ரெண்டு நாள் போதும். இந்த மாதிரி கூடுதல் தீனி எல்லாம் சேர்ந்தே ஒரு நாள் சாப்பாட்டுச் சத்துல 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தயிர் சாதம் வைக்கிற நாள்ல கிழங்கு போட்டா, சாதத்தைக் குறை, ரெண்டுமே மாவுச்சத்துதான். சர்க்கரை நோய் இருந்தாலோ, உடம்பு பெருத்திருந்தாலோ டாக்டரைக் கேட்காம தராதே.

* முதல் தடவை: ஒரு ஸ்பூன் கொடுத்து ஒரு நாள் கவனி. வாந்தி, பேதி, சோர்வு, நடுக்கம் தெரிஞ்சா உடனே கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போ. வாந்தி எடுக்கட்டும்னு உப்புத் தண்ணி மட்டும் புகட்டிடாதே, அது உயிருக்கே ஆபத்து.

இனி கிழங்கு வேகவைக்கிற அன்னிக்கு, கடாயில கடுகு வெடிக்கிறதுக்கு முன்னாடியே அவன் பங்கைக் கிண்ணத்துல எடுத்து வெச்சிடு.