விசாகப்பட்டினம் போகும் மருமகனுக்கு

 

டிசம்பர் விடுமுறையில் மனைவியையும் குழந்தைகள் இருவரையும் உன் தாயாரையும் கூட்டிக்கொண்டு விசாகப்பட்டினம் போக உத்தேசித்திருப்பதாக நீ எழுதிய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்தத் துறைமுகத்தில் 28 வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். அத்தனை வருஷமும் என் தங்கையான உன் தாயாரை, ஒரு தடவையாவது வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ என்று அழைத்துக்கொண்டே இருந்தேன். அறுப்பு முடியட்டும், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், மாமியாருக்கு உடம்பு தேறட்டும் என்று அவள் தள்ளிப்போட்டுப் போட்டு, நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, அவளுக்கும் முழங்கால் தேய்ந்துபோன இந்த வயதில்தான் அந்தக் கடலைப் பார்க்கும் பிராப்தம் வாய்க்கிறது. ஆகையால் இந்தப் பிரயாணத்தைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசினால் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தை நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறாய். அக்டோபரும் நவம்பரும் அந்தக் கரைக்குப் புயல் மாதங்கள். 2014 அக்டோபர் 12-ந் தேதி ஹுட்ஹுட் புயல் அந்த நகரத்து மரங்களைச் சாய்த்துப்போட்டதை நீயும் அறிவாய். டிசம்பரில் வானம் நிர்மலமாகவும் வெயில் இதமாகவும் இருக்கும். ஆனால் நீ அனுப்பிய பட்டியல்தான் என்னை வருந்தச் செய்தது. மூன்று நாளில் பதினொரு இடங்கள்! ஐந்து வயதுப் பையனையும் எழுபது கடந்த தாயாரையும் ஒரே காரில் ஏற்றி இந்த வேகத்தில் ஓட்டினால், அவர்கள் பார்த்து வரப்போவது காரின் ஜன்னலைத்தான். பட்டியலில் பாதியை இரக்கமில்லாமல் அடித்துவிடு. எவற்றை அடிப்பது, எவற்றை வைப்பது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்லுகிறேன்.

முதல் நாள் காலையில் கடற்கரை வீதியைத் தவிர எங்கும் போகாதே. விடியற்காலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையை நடப்பவர்களுக்கென்று ஒதுக்குகிற வழக்கம் அங்கே உண்டு. அந்த நேரத்தில் உன் தாயார் பயமில்லாமல் நாலடி நடக்கலாம், கால் வலித்தால் சுவரில் உட்காரலாம். சூரியன் சமுத்திரத்திலிருந்து எழும்புவதைக் குழந்தைகள் பார்க்கட்டும். உன் மகள் கேள்வி கேட்கிற சுபாவமுள்ளவள். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவள் நிச்சயமாகக் கேட்பாள். ஆகாயத்தின் நிழல் என்று சொல்லி வாயை அடைத்துவிடாதே. நம்முடைய சி. வி. ராமன் இளம் பிராயத்தைக் கழித்தது அந்த ஊரில்தான். தகப்பனார் 1892-இல் அங்கே கல்லூரி ஆசிரியராகப் போனதனால், பதினோராவது வயதில் மெட்ரிகுலேஷன் தேறும்வரை அவர் வளர்ந்தது அந்தக் கடலின் அருகேதான். அவரே 1921-இல் கப்பலில் திரும்பி வருகையில், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, நீர்ப்பரப்பில் பிரதிபலித்த ஒளியை ஒரு பட்டகத்தின் உதவியால் விலக்கிப் பார்த்து, அப்பொழுதும் நீலம் மறையாமல் முன்னிலும் ஆழ்ந்து தோன்றுவதைக் கண்டு, அது ஆகாயத்திடம் கடன் வாங்கிய நிறமன்று, தண்ணீருக்கே உரியது என்று நிலைநாட்டினார். 1930-இல் நோபல் பரிசு வரைக்கும் அவரைக் கொண்டு சென்ற பாதை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கிற்று. இதை அந்தக் கரையிலே நின்று ஒரு குழந்தைக்குச் சொல்லுகிற பாக்கியம் எல்லாத் தகப்பன்மாருக்கும் கிடைக்காது.

இனி நான் எழுதுவதைத் தயவுசெய்து இரண்டு முறை படி. ராமகிருஷ்ணா கடற்கரையில் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதே. மணல் சட்டென்று சரிந்து ஆழமாகும். திரும்புகிற அலை காலடி மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வருஷந்தோறும் அங்கே உயிர்கள் போகின்றன. என் மூத்தவனுக்கு ஏழு வயதிருக்கும்போது, நான் சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கக் குனிந்த அந்த ஒரு நிமிஷத்தில், முழங்காலளவு நீரில் நின்ற பிள்ளையை அலை இழுத்துவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் பாய்ந்து அவன் மயிரைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டார். நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பிப் போனார். அந்தப் பார்வையை இன்றுவரை நான் மறந்ததில்லை. குளித்தே தீரவேண்டுமானால் வடக்கே ருஷிகொண்டாவுக்குப் போ. அங்கே உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். அங்கும் பையனின் கை உன் கைக்குள் இருக்கட்டும், கைபேசி உன் மனைவியின் பைக்குள் இருக்கட்டும்.

திங்கட்கிழமை மிருகக்காட்சிசாலைக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் விடுமுறை. இதை அறியாமல் வாசலில் நின்று அழுகிற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மிருகக்காட்சிசாலை கம்பாலகொண்டா காட்டின் ஓரத்தில் 625 ஏக்கரில் விரிந்தது. காலையிலேயே போய்விடு, தாயாருக்கு வண்டி ஏற்பாடு செய். நீர்மூழ்கிக் கப்பலோ கட்டாயம் காட்டவேண்டியது. ‘குர்சுரா’ என்ற அந்தக் கப்பல் 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 யுத்தத்தில் ரோந்து சென்று, 2001-இல் பணி ஓய்ந்து, மறு வருஷம் அந்தக் கரை மணலிலேயே காட்சிசாலையாக நிலைகொண்டது. 91 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புக் குழலுக்குள்ளே கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களே வழிகாட்டுகிறார்கள். அவர்கள் சொல்லுவதை முழுவதும் கேள், பின்னால் நிற்பவர்களுக்காக அவசரப்படாதே. வட்டத் துவாரங்களில் குனிந்து நுழைவது உன் தாயாரால் ஆகாது. அவளோடு ஒருவர் வெளியே இருங்கள். அதே யுத்தத்தில், அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி மூழ்கிற்று. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த யுத்தத்தின் வெற்றிச் சின்னத்தைக் காட்டும்போது இதையும் உன் மகளிடம் சொல். அவர்களும் தாய்மாருக்குப் பிறந்தவர்களே.

கைலாசகிரிக்கு ரோப்காரில் ஏறி ஒரு மாலைப்பொழுது இருந்துவிட்டு வாருங்கள். சிம்மாசலத்தை விட்டுவிடாதே, வருஷம் முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருந்து, அட்சய திருதியை ஒரு நாள் மட்டும் நிஜரூபம் காட்டுகிற நரசிம்மரை என் தங்கை சந்தனத்தோடாவது தரிசிக்கட்டும். தொட்லகொண்டா பௌத்த விகாரம் பேரழகான இடம், ஆனாலும் இந்த முறை அடித்துவிடு. போரா குகையும் அப்படியே. மலைப்பாதையில் ரயில் பிரயாணம் ஒரு முழு நாளை விழுங்கும், படிகளோ ஏராளம்.

குகையை இழப்பதற்கு ஈடாக ஒன்று சொல்லுகிறேன். சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து அந்தக் குகையினூடே ஓடுகிற கோஸ்தனி நதி, மலையிறங்கி வந்து பீமுனிப்பட்டினத்தில்தான் கடலில் கலக்கிறது. ஒரு சாயங்காலம் கடலோரமாகவே அங்கே போய், சங்கம முகத்தில் உட்கார்ந்து, இந்தத் தண்ணீர் எந்த இருட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று குழந்தைகளுக்குக் கதையாகச் சொல். போகும் வழியில் எர்ர மட்டி திப்பலு என்னும் செம்மணல் மேடுகளைக் காட்டு. கண்டவுடன் உன் தாயார், ‘இது நம் ஊர்த் தேரி அல்லவா’ என்பாள். உண்மைதான், காற்றுக் குவித்து இரும்புச்சத்தால் சிவந்த அந்த மணலுக்கு உறவு, அவளும் நானும் சிறுவயதில் சறுக்கி விளையாடிய தேரிக்காடேதான். அங்கே அவளை அவசரப்படுத்தாதே.

உணவைப் பற்றி ஒன்றே ஒன்று: குழந்தைகளுக்கு வாங்கும்போது காரம் குறைவாக இருக்கட்டும் என்பதற்குத் தெலுங்கில் ‘காரம் தக்குவ’ என்று சொல்லிவிடு. பெசரட்டு அவர்களுக்குப் பிடிக்கும். கடற்கரையில் கலந்து தருகிற முரி மிக்சர் உனக்குப் பிடிக்கும்.

கடைசி இரவு எல்லாரும் கடற்கரையில் இருங்கள். தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்றுக்கு டால்பின்ஸ் நோஸ் என்று பெயர். 1933-இல் திறந்த துறைமுகத்தை அலையிலிருந்து காத்து நிற்பது அதுதான். அதன் உச்சியில் கலங்கரை விளக்கு சுழலும். என் தங்கையை அந்தத் திசை பார்த்து உட்காரவைத்து, அந்த வெளிச்சத்துக்குக் கீழேதான் அண்ணன் வேலை பார்த்தான் என்று சொல்.

இப்படிக்கு,
உன் மாமா