தறிப் பட்டறையில் பிறந்த கார்

பொங்கல் விழா முடிந்து சங்கக் கூடத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்த நேரம். பணிமனையில் என்னோடு இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த நண்பரின் மகள், கணவரையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாமா, அப்பாவோட மாருதி 800-ஐ எடுத்துக்கிட்டு மே மாசம் தென்காசி போகலாமான்னு பார்க்கிறோம். பிள்ளைங்க ரெண்டு பேரும் கூட. வண்டி தாங்குமா?" என்று கேட்டாள்.

நண்பர் இப்போது இல்லை. ஓய்வு பெற்றதும் நாகபுரியிலிருந்து ஊர் வரை தானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர். போகாமலே போய்விட்டார். அதனால் அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கார் யாருக்காக, எந்தச் சாலைக்காக, எந்தக் கணக்கில் செய்யப்பட்டது என்று தெரிந்தால்தான் அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சொல்ல முடியும். அன்று கூடத்தில் பாதி சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் இந்தக் கம்பெனியின் வண்டியில் ஏறியவர்கள்தாம்.

ஜப்பானில் டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையே ஹமமட்சு என்றொரு ஊர். ரயில்வேக்காரனுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்தால் பழக்கம். ஷின்கான்சென் அதிவேக ரயில் பெட்டிகளை முழுதாகப் பிரித்துப் பழுது பார்க்கும் பணிமனை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதியில் பருத்தி விவசாயி ஒருவரின் மகனாக 1887-ல் பிறந்தவர் மிச்சியோ சுஸுகி. தச்சுத் தொழில் கற்றவர். 1909-ல் கைத்தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1920-ல் அது சுஸுகி தறி உற்பத்திக் கம்பெனி ஆனது. அவர் செய்த தறிகள் தென்கிழக்கு ஆசியா வரை ஏற்றுமதியாயின. டொயோட்டாவின் மூலமும் அதே வட்டாரத்துத் தறிதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தறி செய்கிறவனுக்குத் துல்லியம் கைவந்தது. ஒரு நூல் அறுந்தாலும் துணி கெட்டுவிடும் அல்லவா?

1937-ல் சுஸுகி சிறிய கார் ஒன்றைச் செய்து பார்க்கும் வேலையில் இறங்கினார். இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் வண்டி ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துப் படித்தார்கள். 1939-க்குள் மாதிரி வண்டிகளும் தயாராகிவிட்டன. யுத்தம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. யுத்தத்துக்குப் பின் மீண்டும் தறி. ஆனால் 1951-ல் பருத்திச் சந்தை விழுந்தது, தறி வாங்க ஆளில்லை. 1952-ல் சைக்கிளில் பொருத்தும் 36 சிசி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விலை குறைவு, மிதிக்கவும் ஓட்டவும் ஏற்றது. ஏழை நாட்டில் அது விற்றது. 1954-ல் கம்பெனியின் பெயர் சுஸுகி மோட்டார் கம்பெனி என்று மாறியது.

1955-ல் வந்தது சுஸுலைட் என்னும் கார். 360 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதைவிட முக்கியம், எஞ்சினும் ஓட்டும் சக்கரமும் முன்பக்கமே. அந்த நாளில் ஜப்பானில் இது புதிது. ரயில் எஞ்சினுக்கு உள்ள கணக்குதான் இதற்கும்: ஓட்டும் சக்கரத்தின் மேல் பாரம் இருந்தால்தான் தண்டவாளத்தில் பிடிமானம். சின்னக் காரில் மிகக் கனமான பொருள் எஞ்சின். அதை ஓட்டும் சக்கரத்தின் மேலேயே உட்கார வைத்துவிட்டால் பிடிமானமும் கிடைக்கும், பின்னால் போகும் நீளமான ஷாப்டும் வேண்டியதில்லை, காலடியில் இடமும் மிச்சம். நம் 800-க்குள் நால்வர் உட்கார முடிவது இந்த ஒரு முடிவினால்தான்.

இங்கே ஜப்பானிய அரசாங்கத்தின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். யுத்தத்தில் நொடித்துப்போன மக்கள் கார் வாங்க வேண்டும் என்பதற்காகக் 'கேய்' என்னும் சிறு வாகன வகையை 1949-ல் ஏற்படுத்தினார்கள். நீள அகலத்துக்கும் எஞ்சின் கொள்ளளவுக்கும் உச்சவரம்பு. அதற்குள் செய்தால் வரிச் சலுகை. 1955-ல் வரம்பு 360 சிசி, 1976-ல் 550, 1990-ல் 660. சுஸுகி வளர்ந்தது முழுக்க இந்தக் கூண்டுக்குள்ளேதான். பெரிய வண்டி செய்து சின்னதாக்கியவர்கள் அல்லர். சின்ன வண்டியையே வாழ்நாள் பாடமாகப் படித்தவர்கள். சிறியது, குறைவானது, எடை குறைந்தது, குட்டையானது, அழகானது என்று பொருள்படும் ஐந்து எழுத்துக்கள் அவர்கள் தொழிற்சாலையின் தாரக மந்திரம்.

இந்தக் கம்பெனியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒசாமு சுஸுகி. மட்சுதா என்னும் குடும்பத்தில் 1930-ல் பிறந்து வங்கியில் வேலை பார்த்தவர். 1958-ல் சுஸுகி குடும்பத்துப் பெண்ணை மணந்து, அவர்கள் பெயரையே தன் பெயராகவும் ஏற்றுக்கொண்டார். நம் ஊரில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்றால் ஒரு நமட்டுச் சிரிப்பு உண்டு. அங்கே அந்த மாப்பிள்ளை 1978-ல் தலைவரானார்; 2021 வரை கம்பெனியை விட்டு நகரவில்லை. அவர் தலைமைக்கு வந்தபோது நிலைமை நன்றாக இல்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் திணறியது. 1977-ல் போட்டிக் கம்பெனியான டைஹட்சுவிடமே ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கிப் பொருத்தும் அளவுக்கு நெருக்கடி. 1979-ல் அவர் ஆல்டோவை 4,70,000 யென் விலையில் கொண்டுவந்தார். சரக்கு வண்டி வகையில் பதிவாகும்படி அமைத்ததால் வரி குறைந்தது. அக்கம்பக்கத்துச் சாமான் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் பெண்கள் ஓட்டும் இரண்டாவது கார் என்று அது வீடு வீடாகப் புகுந்தது.

நம் நாட்டுக் கதை வாசகர்கள் ஓரளவு அறிந்ததுதான், சுருக்கிச் சொல்கிறேன். 1981-ல் மாருதி உத்யோக் அரசுக் கம்பெனியாக ஏற்பட்டது. 1982 அக்டோபரில் சுஸுகியுடன் ஒப்பந்தம். அவர்கள் பங்கு 26 சதவீதம். தொடக்க ஆண்டுகளில் மாருதியைத் தலைமை தாங்கி நடத்தியவர் தஞ்சைத் தரணியின் கருவேலியில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், 2022-ல் மறைந்தார். நம்மவர் என்பதற்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி குர்காவ் தொழிற்சாலையில் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி ஒரு விமான நிறுவன ஊழியர் கையில் கொடுத்தார். அதிகாரியும் தொழிலாளியும் ஒரே சீருடை, ஒரே கேண்டீன் என்று கேள்விப்பட்டபோது எங்கள் பணிமனையில் நம்பியவர்கள் குறைவு. போர்மனுக்குத் தனி டீ கிளாஸ் இருந்த காலம் அது! பிறகு சுஸுகியின் பங்கு 1992-ல் 50 சதவீதம் ஆயிற்று, 2002-ல் அதையும் தாண்டியது. 2007-ல் அரசு முழுதாக விலகியது. ஒசாமு 2024 டிசம்பர் 25-ல் தமது 94-ஆம் வயதில் காலமானார். அடுத்த மாதமே அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இனி வண்டிக்கு வருவோம். 800-ன் எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர், தொடக்கத்தில் 37 குதிரைத்திறன் அளவு. வண்டியின் எடை ஏறத்தாழ 650 கிலோ. அம்பாசிடரின் எஞ்சின் 1489 சிசி, திறன் ஏறக்குறைய 50. எடையோ 1100 கிலோவுக்கு மேல். டன் ஒன்றுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பாருங்கள். மாருதிக்கு 57, அம்பாசிடருக்கு 45. பாதி எஞ்சின் முழு எஞ்சினை முந்தியது இப்படித்தான். பெட்ரோல் சிக்கனத்துக்கும் இதே காரணம். "கித்னா தேத்தி ஹை?" என்று இந்த ஊரில் கார் வைத்திருப்பவனைப் பார்த்ததும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் எடையில் இருக்கிறது.

மூன்று சிலிண்டருக்கு ஒரு குணம் உண்டு. நான்கு சிலிண்டரில் மேலே போவதும் கீழே வருவதும் இரண்டிரண்டாக ஒன்றையொன்று ஈடுகட்டும். மூன்றில் இரு முனைகளும் மாறி மாறி எழும்பித் தாழும், ஏற்றமரத்துப் பலகைபோல. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்குவது இதனால்தான். பலர் அதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். அளவு மீறாத வரை அது பழுதன்று.

வைத்திருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? விழாவிலேயே சிலரைக் கேட்டேன். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "பதினாறு வருஷத்துல என்னை ரோட்ல நிக்க வெச்சதே இல்லை சார்" என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், விற்கப் போனால் நல்ல விலை என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. குறைகளும் சொன்னார்கள். கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம். லாரி முந்தினால் வண்டி காற்றில் அசைகிறது. பின்சீட்டில் மூன்றாவது ஆளுக்கு முழங்கால் வைக்க இடமில்லை. 12 அங்குலச் சக்கரம், குழியில் இறங்கினால் இடுப்புக்குத் தெரியும். சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் அன்பர் ஆம்னி வைத்திருந்தவர். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் மே மாதத்தில் நாகபுரி வெயிலோடு அந்தச் சூடும் சேரும் என்று சிரித்தார். ராணுவத்தில் இருந்து வந்தவர் ஒருவர் ஜிப்ஸியைத் தவிர வேறெதையும் வண்டி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் உட்கார்ந்து போனவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள் என்பது என் ஊகம்!

என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. 1998 மே மாதம், வார்தா சாலையில் என் 800-ன் ஹெட் கேஸ்கெட் எரிந்தது. தவறு முழுக்க என்னுடையது. கூலண்ட் ஊற்றச் சோம்பல்பட்டு, நாலு வருஷம் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றினேன். உப்புப் படிந்து அடைத்துக்கொண்டது, வெப்பமானி முள் ஏறியதையும் பார்க்காமல் பேசிக்கொண்டே ஓட்டினேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடு மீறினால் வளைந்துவிடும். என்ஜினீயர் என்று பெயர்!

ஆகவே, நண்பரின் வண்டியின் எஞ்சின் தென்காசி வரை தாங்குமா என்றால், ரேடியேட்டர், ஹோஸ், விசிறி, பிரேக், டயர் எல்லாம் சரியாக இருந்தால் தாங்கும். ஆனால் அந்தப் பெண் கேட்டது இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றி.

எடை குறைந்தது என்பதாலேயே ஒரு வண்டி ஆபத்தானதல்ல. நம் ரயில் பெட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் ஐசிஎப் பழைய வகைப் பெட்டியைவிட 2000-க்குப் பின் வந்த எல்எச்பி பெட்டி, மீட்டர் கணக்கில் பார்த்தால் எடை குறைந்தது. ஆனாலும் விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் காப்பது எல்எச்பிதான். காரணம், இணைப்பின் அமைப்பு. காரிலும் அப்படியே. முன்பகுதி கசங்கி மோதலின் வேகத்தை விழுங்க வேண்டும், ஆட்கள் இருக்கும் கூண்டு கசங்காமல் நிற்க வேண்டும். 800 வடிவமைக்கப்பட்ட நாளில் இந்தக் கணக்கு இவ்வளவு முன்னேறவில்லை. அந்த வண்டிக்கு ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. அதற்குப் பின் வந்த வண்டிகளிலும் உடனே நிலைமை மாறிவிடவில்லை. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-க்கும் ஸ்விப்டுக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. வேறு சில கம்பெனிகளின் சிறு கார்களுக்கும் அதே கதிதான். 2019 ஏப்ரலில் ஏபிஎஸ்ஸும், ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக்கும் சட்டப்படி கட்டாயமாயின. 2024 நவம்பரில் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதாவது செய்யத் தெரியாமல் இல்லை. நாம் கேட்கவும் சட்டம் சொல்லவும் காத்திருந்தார்கள். மைலேஜைக் கேட்ட வாயால் நாமும் இதைக் கேட்டிருக்கலாம்.

இன்னொரு கணக்கு. மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60-ல் போவதற்கும் 100-ல் போவதற்கும் வேக வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மோதலின் வலிமையோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஹைதராபாத், பெங்களூர், மதுரை என்று போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் மற்றவர்கள் எல்லோரும் 100-ல் போவார்கள். அங்கே 60-ல் போகிறவனை லாரிகள் பின்னாலிருந்து தள்ளாத குறையாக விரட்டும். கேய் வரம்புக்குள் பிறந்த குடும்பத்தின் வண்டிக்கு அது ஏற்ற சாலை அல்ல.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளைதான், "அப்போ ரயில்லயே போயிடலாம் சார், நீங்க அதைத்தான் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் சென்னை வரை டிக்கெட் போட்டாயிற்று. வண்டியை விற்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், சந்தை, சங்கம் என்று ஊருக்குள் 40-ல் போக அது இன்னும் நல்ல வண்டி. பின்சீட்டு பெல்ட் இரண்டும் நைந்திருந்தன. மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், லாரிகள் கிளம்பும் முன்பே, சேவாகிராமம் வரை ஒரு நடை போய் வந்தோம். அவள் ஓட்டினாள். கிளம்புமுன் பெட்ரோல் பங்கில் காற்று எவ்வளவு அடிப்பது என்று கேட்டாள். டேஷ்போர்டு அறையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் இவ்வளவு என்று நண்பர் தம் கையெழுத்தில் எழுதி ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. அதன்படியே அடித்தோம்.